தேயிலைப் பெட்டியின் முகம்: விளம்பர நிழற்படமும் திணை மரபும்

வாணிகம் உள்ள இடமெல்லாம் அறிவிப்பும் உண்டு. பழந்தமிழ் நகரங்களிலே பலவகைக் கொடிகள் பறந்தமையைப் பட்டினப்பாலையும் மதுரைக்காஞ்சியும் கூறுகின்றன. எழுத்தறியாதவனும் கள்விற்கும் மனையின் கொடியைக் கண்டு இன்ன கடை இஃதென அறிந்தான். அக்கொடி பொருள் இருக்கும் இடத்தைச் சுட்டிற்று. அப்பொருள் எவ்வாறு விளைந்தது, யார் கையாற் பறிக்கப்பட்டது என்பவற்றைக் கூற முற்படவில்லை. இன்று கொடியின் இடத்தை நிழற்படம் பெற்றுள்ளது. அது பொருளைச் சுட்டுவதோடு அமையாது, பொருளின் கதையையும் சொல்ல முற்படுகின்றது. கதை சொல்லத் தொடங்கிய அக்கணமே அது திறனாய்வுக்கு உரியதாகிவிடுகின்றது.

விளம்பரப் படம் இலக்கியமோ என்று ஐயுறுவார் இருக்கலாம். தற்செயலாக எடுக்கப்பட்ட படத்துக்கு அவ்வையம் பொருந்தும். வணிகக் குறிக்கென எடுக்கப்படும் படமோ தற்செயலானதன்று. இடம் தேர்ந்து, பொழுது குறித்து, ஆள் நிறுத்தி, ஆடை உடுத்தி, முகக்குறிப்பும் சொல்லிக்கொடுத்து அது ஆக்கப்படுகின்றது. செய்யுளைப் போலவே அதுவும் தெரிந்து தொகுக்கப்பட்டது. ஆதலின், எதனைத் தேர்ந்தார், எதனை விடுத்தார் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. அவ்வினாவை நம் நாட்டின் மிகப் பழகிய விளம்பரப் படமாகிய கொழுந்து பறிக்கும் பெண்ணின் படத்தை முன்வைத்து ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

படத்தின் வரலாறு

ஜேம்ஸ் டெயிலர் என்பார் 1867ஆம் ஆண்டு லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டமையை இலங்கைத் தேயிலைத் தொழிலின் தொடக்கமாகக் கொள்வர். கோப்பிப் பயிர் நோயால் அழிந்த பின்னர்த் தேயிலை மலையெங்கும் பரவிற்று. இந்நாட்டுத் தொழிலாளரைப் படம்பிடிக்கும் வழக்கமும் அக்காலத்தை ஒட்டியே வேரூன்றியது. டெனிசன், டார்வின் முதலிய பேரறிஞரைப் படமெடுத்துப் புகழ்பெற்ற ஜூலியா மார்கரெட் கமரோன் அம்மையார் 1875ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்து, 1879ஆம் ஆண்டு இங்கேயே காலமானார். அவர் களுத்துறைப் பகுதியில் எடுத்த படங்கள் சில இன்றும் எஞ்சியுள்ளன. இங்கிலாந்தில் அவர் எடுத்த பெருமக்கள் படங்கள் பெயரோடு விளங்க, இங்கு எடுத்தவற்றுட் பலவோ களுத்துறைக் குடியானவர் என்பது போன்ற பொதுத் தலைப்புக்களையே தாங்கி நிற்கின்றன. இவ்வேறுபாட்டினை நினைவிற் கொள்க; பின்னர் இது பயன்படும்.

1890ஆம் ஆண்டு தோமஸ் லிப்டன் இலங்கைக்கு வந்து, அப்புத்தளைப் பகுதியில் தம்பதென்ன முதலிய தோட்டங்களை வாங்கினார். இடைத்தரகர் இன்றித் தோட்டத்திலிருந்து நேரே தேநீர்ப் பாத்திரத்துக்கு வருகின்றது தம் தேயிலை என்பதே அவர் விளம்பரத்தின் உயிர்க்கருத்து. அக்கருத்தைக் கண்ணுக்குப் புலனாக்கத் தோட்டத்தில் நிற்கும் ஒருத்தி வேண்டப்பட்டாள். எனவே கூடை சுமந்த பெண் அவ்விளம்பரங்களிலே இடம்பெற்றாள். அவள் அழகுக்காக மட்டும் அங்கு நிறுத்தப்பட்டவள் அல்லள். கடைக்காரரின் கூற்றுக்குச் சான்றாக நிறுத்தப்பட்டவள். சான்று கூறுவோரின் பெயர் கேட்பது வழக்கு மன்றத்தின் மரபு. விளம்பரத்தில் அம்மரபு பின்பற்றப்படவில்லை.

1932ஆம் ஆண்டு இலங்கைத் தேயிலைப் பிரசார சபை நிறுவப்பட்டது. அதன் சார்பில் பசில் ரைட் என்பார் இயக்கிய 'சோங் ஒவ் சிலோன்' என்னும் திரைப்படம் 1934ஆம் ஆண்டு வெளிவந்தது. நான்கு சிறு பயணப் படங்களாக எடுக்கக் கருதியது, நான்கு பகுதிகளையுடைய ஒரே படமாக முடிந்தது. நாட்டின் தேயிலைக்காக எடுக்கப்பட்ட அப்படத்திலே தேயிலைத் தொழிலாளர்க்குக் கிடைத்த இடம் சிறிதே. எனினும் அதன் மூன்றாம் பகுதியில், உழைப்போரின் காட்சிக்கு மேலே சந்தை நிலவரமும் வணிகக் கடிதங்களும் குரலாக ஒலிக்கின்றன. பார்க்கும் காட்சியும் கேட்கும் விலையும் ஒன்றோடொன்று ஒட்டாமல் நிற்பதை உணரும்படி செய்தமை அவ்விளம்பரப் படத்தின் பெருமையாகும். பின்வந்த பெட்டிப் படங்களிலும் நாட்காட்டிப் படங்களிலும் அந்நேர்மை இல்லை.

1972ஆம் ஆண்டு நாட்டின் பெயர் மாறியபோதும் தேயிலையின் பெயர் சிலோன் தேயிலை என்றே நிலைத்தது. 1976ஆம் ஆண்டு தொடங்கிய இலங்கைத் தேயிலைச் சபையின் சிங்க இலச்சினை, முழுவதும் இலங்கையில் விளைந்து இங்கேயே பொதிசெய்யப்பட்ட தேயிலைக்கு உரியது. பெட்டியின் ஒரு பக்கத்திலே சிங்கம், மறு பக்கத்திலே கொழுந்து பறிக்கும் பெண் என்னும் அமைப்புப் பலராலும் மேற்கொள்ளப்பட்டது.

திட்டமும் திணையும்

வணிகக் குறிக்குப் படமெடுக்க விழைவோர் முன்கூட்டியே ஒரு திட்டம் வரைதல் இக்கால வழக்கம். யாருக்கு விற்பது, படம் பெட்டியிலா வீதிப் பலகையிலா கைபேசித் திரையிலா காட்டப்படும், எடுக்கவேண்டிய படங்கள் எவை, எவ்விடத்தில், எந்நேரத்தில், யார் நிற்பர், எதை உடுப்பர், கையில் யாது இருக்கும், முகத்தில் என்ன தோன்றவேண்டும் என்பன அத்திட்டத்தில் எழுதப்படுகின்றன. இஃது ஏதோ மேனாட்டார் கண்ட புதுமை என்று மருளவேண்டியதில்லை. பாடலில் வரும் பொருளைத் தொல்காப்பியர் முதல், கரு, உரி என மூன்றாக வகுத்தார். நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை, தொழில் முதலியன கருப்பொருள். அந்நிலத்து மாந்தரின் ஒழுக்கமும் உணர்வும் உரிப்பொருள். இம்மூன்றனுள் உரிப்பொருளே சிறந்தது. ஏனையவை அதற்குத் துணையாய் வருவன.

படத் திட்டத்தின் இடமும் நேரமும் முதற்பொருள். ஆடையும் கருவியும் கருப்பொருள். முகத்தில் தோன்றவேண்டுவது உரிப்பொருள். இவ்வளவைகொண்டு அளக்கும்போது தேயிலைப் படத்தின் குறை தெளிவாகும். அதில் முதல் ஓரளவு உண்டு, கரு மிகுதியாக உண்டு, உரி இல்லை. உரிப்பொருளுக்கு உடையவளாக நிற்கவேண்டியவள், மயிலும் மானும் போல, நிலத்துக்கு அழகு செய்யும் கருப்பொருளாக நிறுத்தப்பட்டிருக்கின்றாள். நம்பியகப்பொருள் ஆசிரியர் உயர்ந்தோரையும் அல்லாதோரையும் கருப்பொருள் வரிசையிற் சேர்த்திருக்கின்றாரே எனின், அவரும் மாந்தரின் ஒழுக்கத்தைக் கருவில் அடக்கினாரல்லர். உரியாக வேறு வைத்தே ஓதினார்.

நிலமும் பொழுதும்

முதற்பொருளை முதலில் நோக்குவோம். பெட்டியிற் காணும் நிலம் எப்பொழுதும் பனி படர்ந்த உயர்மலை. அம்மலை பொய்யன்று, நுவரெலியாவிலும் டிம்புளையிலும் உண்டு. ஆயின் இலங்கைத் தேயிலையிற் பாதிக்கு மேற்பட்டது கடல்மட்டத்திலிருந்து 2,000 அடிக்குட்பட்ட தாழ்நிலத்தில் விளைவது. அதன் பெரும்பகுதி சிறு தோட்ட உடைமையாளரின் காணிகளில் விளைகின்றது. தேயிலைச் சபை வகுத்த விளைநிலப் பிரிவுகளுள் எம் சபரகமுவவும் ஒன்று. இங்கு வெயிலும் மழையும் மிகுதி. காற்றில் ஈரம் மிகுதி. கொழுந்து விரைந்து வளரும். தாழ்நிலத் தேயிலை கறுத்து முறுகிய இலையின் தோற்றத்தாலும் கடுஞ்சாயத்தாலும் மத்திய கிழக்கு நாடுகளிலே விரும்பி வாங்கப்படுவது. அதனை விற்கும் பெட்டியிலும் பனிமலையையே காட்டுதல் நெய்தற் பொருளுக்குக் குறிஞ்சி நிலம் பாடியதை ஒக்கும். பழைய உரையாசிரியர் திணைமயக்கத்துக்கு அமைதி கூறுவர். இதற்கு அமைதி கூற இயலாது. விற்பவர் தம் பொருளின் உண்மையான சிறப்பைத் தாமே மறைத்து, அயலார் சிறப்பைக் கடன் வாங்குகின்றார்.

வரக்காப்பொலவிலிருந்து கேகாலை, ருவன்வெல்ல, யட்டியாந்தோட்டை, தெரணியகலை எனச் செல்லும் நிலத்தை நோக்குக. இறப்பரும் தேயிலையும் தென்னையும் கித்துளும் கலந்து நிற்கும் நிலம் இது. 1876ஆம் ஆண்டு ஹெனரத்கொடைத் தோட்டத்திலே நடப்பட்ட இறப்பர்க் கன்றுகளின் வழிவந்த மரங்கள் கேகாலை மாவட்டத்தை நிறைத்தன. இங்குப் பால்வெட்டுவோர் விடியுமுன் மரத்தடிக்குச் செல்வர். குளிர்ந்த பொழுதிலேயே பால் நன்கு வடியும். பட்டை நனைந்தால் அன்று வெட்டு இல்லை. சிரட்டையில் வடியும் அப்பாலுக்கும், மறுநாள் உரித்தெடுக்கும் ஒட்டுப்பாலுக்கும், அவற்றைச் சேர்க்கும் கைக்கும் ஒரு விளம்பரப் படத்திலும் இடமில்லை. பொழுதால் இத்துணைச் செறிவுடைய ஒரு தொழிலைப் படமெடுப்போர் காணாது விட்டமை வியப்புக்குரியது.

கருப்பொருள்

பெட்டியிலுள்ள பெண் செக்கச்சிவந்த சேலை உடுத்தியிருக்கின்றாள். மூக்குத்தி மின்னுகின்றது. முதுகிலே பிரம்புக் கூடை. வலக்கை விரல்களுக்கிடையே இரண்டு இலையும் ஒரு மொட்டும் கொண்ட கொழுந்து ஒன்றைப் பார்ப்போர்க்குக் காட்டியபடி புன்னகை செய்கின்றாள்.

மலையில் உள்ளவள் இடுப்பிலே படங்கு கட்டியிருப்பாள். ஈரச்செடி ஆடையை நனைத்துக் கிழிக்காதிருக்க அது வேண்டும். கூடைக்கயிறு உச்சியை வெட்டாதிருக்கத் தலையிலே மடித்த துணி இருக்கும். பழைய சட்டை ஒன்று சேலைக்கு மேல் இருக்கும். பல தோட்டங்களிலே பிரம்புக் கூடை போய் நைலோன் பை வந்துவிட்டது. சில தோட்டங்களிலே பறிப்பு மட்டத்தை அளக்கும் மட்டக்கம்பும் உடன்செல்லும். இவற்றுள் ஒன்றும் பெட்டியில் இல்லை. தோட்டத்துப் பாடசாலை வகுப்பொன்றிலே இத்தகைய படத்தைக் கட்டுரைப் பயிற்சிக்காகக் காட்டியபோது ஒரு மாணவி கேட்டாள்: "இந்த அம்மா ஏன் சேர் படங்கு கட்டல்ல?" நூலறிவால் யாம் கூறக்கூடிய திறனாய்வு முழுவதும் அவ்வொரு வினாவில் அடங்கிவிடுகின்றது. தாயின் தொழிலை அறிந்த கண் அது.

எல்லாவற்றினும் மேலாக நோக்கற்பாலது அக்கையின் நிலை. கொழுந்து பறிப்பவள் ஒரு கொழுந்தை ஒருபோதும் ஏந்திப் பார்ப்பதில்லை. இரு கையும் ஒருங்கே செடியின் மேல் ஓடும். விரல் முற்றிய இலையை விலக்கி இளையதைக் கிள்ளும். கை நிறைந்ததும் தோளுக்கு மேலாகக் கூடைக்குள் வீசும். கண் அதற்குள் அடுத்த செடிக்குச் சென்றிருக்கும். பெட்டியிற் காணும் கைந்நிலை படமெடுப்போருக்காக உண்டாக்கப்பட்டதேயன்றி மலையில் உள்ளதன்று. இதனால் மறைந்துபோவது யாதெனின் அவளுடைய திறமை. தேயிலையின் தரம் ஆலைக்குச் சென்றபின் உண்டாவதன்று. முற்றிய இலை கலந்துவிட்டால் வாட்டலும் உருட்டலும் உலர்த்தலும் அதனைத் திருத்தமாட்டா. அவள் விரலே முதல் தரப்பரிசோதகர். விற்பவர்க்கு இதனினும் சிறந்த விளம்பரம் யாது உளது? அதனை விட்டுப் புன்னகையைக் காட்டுகின்றனர்.

உரிப்பொருள்

அப்புன்னகை எதைப்பற்றியது என்று கேட்டால் விடையில்லை. கொழுந்து நிறுவைக்குச் செல்லுமுன் பறிப்பவளின் மனம் நிறையிலே இருக்கும். வானம் கறுத்தால் மழையிலே இருக்கும். நண்பகலானால் வீட்டுக் குழந்தையிடத்து இருக்கும். அம்மனத்திலே மகிழ்ச்சியும் இல்லாமலில்லை. தோழியரோடு மலையிற் பேசிச் சிரிப்பதும் உண்டு. ஆனால் அச்சிரிப்பு அவருக்குள் நிகழ்வது. படத்துச் சிரிப்போ வாங்குவோனை நோக்கிச் சிரிக்கும்படி பணிக்கப்பட்டது. உணர்வுக்கு உடையவர் ஒருவர், அதனைக் குறிப்பவர் வேறொருவர் எனில், அஃது உரிப்பொருள் ஆகாது.

விளம்பரம் துன்பத்தைக் காட்டவேண்டுமா, லயத்தின் ஒழுகும் கூரையைக் காட்டினால் யார் தேயிலை வாங்குவர் என்று வணிகர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. துன்பத்தைக் காட்டுக என்று யாம் கூறவில்லை. துன்பத்தை விற்பனைப் பொருளாக்குதலும் ஒருவகைச் சுரண்டலே. யாம் கூறுவது, காட்டுவது சிறிதாயினும் உண்மையாக இருக்கவேண்டும் என்பது. தொழிலிலே ஆழ்ந்த முகத்துக்குத் தனக்கென ஒரு பெருமிதம் உண்டு. பெருமிதத்தை மெய்ப்பாடு எட்டனுள் ஒன்றாகவே தொல்காப்பியர் வைத்தார். கல்வியும் அதற்கு ஒரு நிலைக்களன் என்றார். கைத்தொழிற் பயிற்சியையும் கல்வி என்று கொண்டால், கொழுந்து பறிப்பவளின் முகத்தில் எழுதப்படவேண்டிய மெய்ப்பாடு அதுவே.

பெயர்

அகப்பாடலில் தலைமக்களின் பெயர் சுட்டப்படக்கூடாது என்பது மரபாயிற்றே, படத்துப் பெண்ணும் பெயரின்றி இருத்தலில் இழுக்கென்ன என்று மாணாக்கர் வினவலாம். இரண்டும் ஒன்றல்ல. அகத்திலே பெயர் சுட்டாமை, அவ்வுணர்வு எல்லார்க்கும் பொதுவாகும் பொருட்டு. விளம்பரத்திலே பெயர் சுட்டாமை, அவள் எவருக்கும் ஒருத்தியாகாதிருக்கும் பொருட்டு. பெயருடையவளானால் அவளிடம் இசைவு கேட்கவேண்டும், கூலி பேசவேண்டும், எத்துணைக் காலம் அவள் முகத்தைப் பயன்படுத்தலாம் என்று எழுதவேண்டும்.

வணிக உலகமே பெயரின் ஆற்றலை அறியாததன்று. மெரில் பெர்னாண்டோ 1980களில் டில்மா என்னும் குறியைத் தொடங்கியபோது தம் புதல்வர் இருவரின் பெயரிலிருந்து அதனை அமைத்தார். தாமே விளம்பரங்களில் தோன்றி வாங்குவோரோடு பேசினார். 2023ஆம் ஆண்டு அவர் மறைந்தபோது பல நாடுகளிலும் அம்முகம் அறியப்பட்டிருந்தது. பெயருடைய முகம் நம்பிக்கையை உண்டாக்கும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா. ஆயின் உரிமையாளர்க்குப் பொருந்திய அவ்வுண்மை பறிப்பவளுக்கும் ஏன் பொருந்தலாகாது?

இசைவின்றி முகத்தை ஆள்வதால் வரும் இடருக்கு அமெரிக்காவில் நிகழ்ந்த வழக்கொன்று எடுத்துக்காட்டாகும். 1986ஆம் ஆண்டு கோப்பிக் குறி ஒன்றுக்காக 250 டொலர் கூலிக்குப் படமெடுக்க நின்ற ஒருவர், பின்னர்ப் பாலர் பாடசாலை ஆசிரியரானார். 2002ஆம் ஆண்டு கடையொன்றிலே கோப்பிப் போத்தலின் மேல் தம் முகத்தையே கண்டார். 2005ஆம் ஆண்டு நடுவர் குழு அவருக்கு 150 இலட்சம் டொலருக்கு மேல் வழங்குமாறு தீர்ப்பளித்தது. மேன்முறையீட்டில் அத்தீர்ப்பு நிலைக்கவில்லை. வழக்கின் முடிவு எதுவாயினும், முகம் ஒருவருடைய உடைமை என்னும் கொள்கை அங்கே வழக்காடுதற்குரியதாயிற்று. மலைப்பெண்ணுக்கு அவ்வாய்ப்பும் அரிது.

இதன் கொடுமையை வரலாறு மேலும் மிகுவிக்கின்றது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தால் தோட்டத் தமிழருள் மிகப் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் அவர்களுள் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சியோரின் நிலைக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டமே முடிவு கண்டது. நாட்டின் தேயிலைக்கு முகமாக உலகெங்கும் சென்றவள், அத்துணை ஆண்டுகள் அந்நாட்டின் குடியாக எண்ணப்படவில்லை. பெட்டிக்கு வேண்டப்பட்டவள் பதிவேட்டுக்கு வேண்டப்படவில்லை.

தோட்ட வழக்கிலே ஒருநாள் வேலைக்குப் 'பேர்' என்று பெயர். குறித்த நிறை பறித்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். நாள்தோறும் பேருக்காக உழைப்பவள் படத்திலே பேரின்றி நிற்பது சொல்லளவில் மட்டும் அமைந்த முரண் அன்று. படமெடுப்போர்க்காக ஒரு முற்பகலை இழந்தவளின் நிறை குறைந்தால், அவள் அன்று அரைப்பேருக்கு உரியவளாகின்றாள்.

வேறொரு திட்டம்

குறை கூறுவதோடு அமைவது திறனாய்வின் கடமையன்று. சபரகமுவவில் இன்று சிறு தேயிலைக் காணியாளரும், கித்துள் பாணி காய்ச்சுவோரும், சிற்றுண்டி செய்வோரும் தத்தம் குறியோடு சந்தைக்கு வருகின்றனர். தலகுலி என்று சிங்களத்தில் வழங்கும் எள்ளுருண்டையால் வரக்காப்பொல கண்டி வீதியிற் செல்வோரிடையே பெயர்பெற்றது. அப்புகழ் உண்டோர் நாவினால் வளர்ந்தது. இத்தகையோர் படமெடுக்க எண்ணும்போது பெருநிறுவனங்களின் பனிமலையைப் பின்பற்றவேண்டியதில்லை.

முதலில், தம் பொருளைப்பற்றி உண்மையாகச் சொல்லத்தக்கவை எவை என்று எழுதுக. படம் அவற்றுக்கே எடுக்கப்படுக. தாழ்நிலத் தேயிலையாயின் கறுத்து முறுகிய இலையையும் ஏனத்திற் சிவந்த சாயத்தையும் அருகே காட்டுக. நிலம் தம் நிலமாகவே இருக்குக. வைகாசி தொடங்கித் தென்மேற்குப் பருவமழை வலுக்குமாதலின் மழைக்கென ஒருநாள் கூடுதலாக ஒதுக்குக. ஏனைக் காலத்தும் பிற்பகலில் இடிமழை வருதலின் காலையே தக்க பொழுதாம். ஆடையும் கருவியும் தொழில் செய்வோருடையனவாக இருக்குக. படங்கை அவிழ்க்கச் சொல்லற்க. நிற்கச் சொல்லாமல், பறிக்கும்போதும் நிறுக்கும்போதும் காய்ச்சும்போதும் எடுக்குக.

அடுத்து, முகம் தருபவரிடம் அவர் வாசிக்கும் மொழியிலேயே இசைவு எழுதிப் பெறுக. எங்கே, எத்துணை ஆண்டு பயன்படும் என்று கூறுக. முழுப்பேருக்கு உரிய கூலி குறையாதிருக்க, படத்துக்கெனத் தனியே கொடுக்குக. மறுக்கும் உரிமை உண்டென்பதைக் கங்காணியோ துரையோ அருகில் இல்லாதபோது சொல்லுக. அச்சிடுமுன் அவருக்குக் காட்டுக. ஒரு படி அவர் வீட்டுச் சுவருக்குக் கொடுக்குக. அவர் விரும்பின் பெயரையும் பொறிக்குக. விரும்பாவிடின் முகத்தை விடுத்துக் கையை மட்டும் எடுக்குக. இறுதியாக, படப்பட்டியலில் ஒரு பகுதியை வெறுமையாக விடுக. 1934ஆம் ஆண்டுத் திரைப்படம் பெருமை பெற்றது, முன் வகுத்த திட்டத்தைக் கண்ட நிலத்துக்கேற்ப மாற்றத் துணிந்தமையாலேயே ஆகும்.

இவற்றுள் எதுவும் பெரும்பொருட் செலவு வேண்டுவதன்று. வாங்குவதில் மிகுதியும் விற்பதிற் குறைவும் செய்யாத நடுவுநிலை வணிகரைப் பட்டினப்பாலை போற்றுகின்றது. பண்டத்துக்கு மட்டுமன்றி முகத்துக்கும் அந்நடுவுநிலை உண்டு. எம் மாணாக்கருட் பலர் நாளை வணிக நிலையங்களிலும் விளம்பரத் துறையிலும் அமர்வர். அவருட் சிலர் மலையிலிருந்தே சென்றவராகவும் இருப்பர். படத் திட்டத்தாள் அவர் கைக்கு வருங்கால், இடம், நேரம், ஆடை என்னும் நிரல்களுக்கு முன்னே பெயர் என்றொரு நிரலை அவர்கள் எழுதுவாராயின், நூறாண்டுக்கு மேலாகத் தொடரும் ஒரு பெருங்குறை தீரத் தொடங்கும் என்பது எம் துணிபு.